நின்றால் போதும்

இரண்டு கிழமையாக என் மகன் என்னோடு பேசுவதில்லை. சோறு போடவா என்று நான் கேட்டால் தாயைப் பார்த்துப் பதில் சொல்கிறான். நான் செய்த குற்றம் இதுதான்: அவனுடைய பாடசாலை மைதானத்தில் உதைபந்துப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே போய், மற்றப் பிள்ளைகளும் பெற்றோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவனுடைய பயிற்றுநரைப் பார்த்துக் கத்தினேன்.

அந்த மனிதர் ஒரு காலத்தில் கொழும்பில் சம்பளத்துக்கு விளையாடியவர். ஓய்வுபெற்று ஊருக்கு வந்து பிள்ளைகளைப் பழக்குகிறார். ஊரில் அவருக்கு நல்ல பெயர். அன்று மகன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் இருந்தான். அவர் வந்து குனிந்து, ஒரு டின்னை ஆட்டி அதிலிருந்த மருந்தைக் காலில் விசிறிவிட்டு, "விளையாட ஏலும்தானே தம்பி?" என்று கேட்டார். மகன் தன் காலைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தான். "ஏலும் சேர்" என்றான்.

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்பது எனக்கு ஒழுங்காக நினைவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஒரு அரசாங்க உத்தியோகத்தன் பேசக் கூடாததையெல்லாம் பேசியிருக்கிறேன். "விளையாடின ஆள்தானே நீங்க, உங்களுக்குமா தெரியாது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டது மட்டும் இன்னும் என் காதில் நிற்கிறது. மகனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுப்பித்தேன். படத்தில் ஒன்றுமில்லை. வெறும் சுளுக்கு. இப்போது ஊருக்கு நான் ஒரு பைத்தியக்காரன். பயிற்றுநரிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள் என்று மனைவி தினமும் சொல்கிறாள். நான் கேட்கவில்லை. கேட்கப் போவதுமில்லை.

நான் கொஞ்சம் சரிந்து நடப்பவன் என்பது மனைவிக்குத் தெரியும். சின்ன வயதில் பந்து விளையாடி முறிந்த கால் என்றுதான் கலியாணம் பேசும்போது எங்கள் வீட்டார் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. பந்து விளையாடும்போது முறிந்த கால்தான். யார் விளையாட விட்டது என்று பெண் வீட்டார் கேட்கவில்லை, எங்கள் வீட்டாரும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பதினான்கு வயது. வாவிக்கு மேற்குப் பக்கம், படுவான்கரையில் எங்கள் ஊர். சண்டை நின்று, சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வாவியைக் கடந்து அக்கரைக்குப் பயமில்லாமல் போய்வரலாம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த சமாதானம். அந்தக் காலத்தில்தான் அம்மாவின் தம்பி, என் மாமா, கொழும்பிலிருந்து ஊருக்குத் திரும்பினார்.

மாமா பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவர். எங்கள் ஊரில் அதை நம்பவே பலருக்கு நாளெடுத்தது. வேலை என்ன என்று கேட்டால், விளையாடுறது என்பார். அது சரி, சம்பளம் என்னத்துக்கு என்று கேட்டால், அதற்கும் அதுதான் என்பார். கொழும்பில் ஒரு கழகம் அவரை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தது. முழங்கால் போன பிறகு ஒரு கேடயத்தைக் கையில் கொடுத்து, கைதட்டி, பஸ் ஏற்றிவிட்டது. அவர் அதை அப்படிச் சொல்வதில்லை. "பிரியாவிடை வச்சவங்க" என்றுதான் சொல்வார்.

அவரால் நிலத்தில் சப்பாணி கட்டி இருக்க முடியாது. முழங்கால் மடங்காது. எங்கள் வீட்டில் கைபிடி வைத்த கதிரை ஒன்றே ஒன்று இருந்தது. அதுவரைக்கும் அப்பா இருந்த கதிரை. மாமா வந்த அன்றே அது அவருக்குப் போனது. அப்பா பாயில் இருந்து சாப்பிடத் தொடங்கினார். இதில் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் கட்டியவர்தான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். அப்பா உன்னிச்சைப் பக்கத்திலிருந்து வந்தவர். அம்மாவின் வீட்டில் குடியிருந்து, அம்மாவின் வட்டை வயல் காணியில் வேளாண்மை செய்தார். மாமாவோ அந்த வீட்டிலேயே பிறந்தவர். பிள்ளைகளுக்குத் தாய்மாமன். ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் வாயைத் திறந்தால் யாருடைய வார்த்தை நிற்கும் என்பதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பின்னேரங்களில் கதிரையில் இருந்துகொண்டு மாமா கொழும்புக் கதை சொல்வார். நானும் என் கூட்டாளிமாரும் நிலத்தில் இருந்து கேட்போம். எங்களுக்கு மிகவும் பிடித்த கதை ஊசிக் கதை. பெரிய போட்டிகளுக்கு முன்னால் கழகத்து டொக்டர் வருவாராம். விளையாட்டுக்காரர்கள் வரிசையாகக் காலை நீட்டிக்கொண்டு இருப்பார்களாம். முழங்காலுக்குள் ஊசி இறங்குமாம்.

"நோவு அப்ப எங்க போகும் தெரியுமா மருமகன்?" என்று என்னிடம் கேட்பார். "எங்கயும் போகாது. கிறவுண்டுக்கு வெளியில நிக்கும். மெச் முடியுமட்டும் பாத்துக்கொண்டு நிண்டுட்டு, முடிஞ்ச உடன வந்து ஏறும்."

நாங்கள் சிரிப்போம். மாமாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே மடங்காத காலைக் கையால் தூக்கி மற்றப் பக்கம் வைப்பார். அந்தக் கையையும் அந்தக் காலையும் கண்ணுக்கு முன்னால் பார்த்துக்கொண்டே நாங்கள் அந்தக் கதையைக் கேட்டோம். நாங்கள் சின்னப் பொடியன்மார், எங்களை விடலாம். முழங்காலுக்குச் சொந்தக்காரர் அவர். அந்தக் கதையில் சிரிக்க என்ன இருந்தது என்று அவர் ஒருநாளாவது யோசித்திருக்க வேண்டாமா?

எங்கள் பாடசாலை அவரைப் பயிற்றுநராகக் கூப்பிட்டது. அவர் நல்ல பயிற்றுநர். என்னதான் கோபம் இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது. கோட்ட மட்டத்தில் முதல் போட்டியிலேயே தோற்றுவந்துகொண்டிருந்த பாடசாலை எங்களுடையது. அவர் எங்களை அறுவடை முடிந்த வயலில் ஒட்டுக்கட்டைகளுக்கு நடுவே ஓடவிட்டார். வாவிக் கரையில் முழங்கால் தண்ணீருக்குள் ஓடவிட்டார். பந்தை நிறுத்தவும், தலையை நிமிர்த்திப் பார்த்துக் கொடுக்கவும், இடக்காலால் அடிக்கவும் பழக்கினார். என்னை முன்வரிசையில் நடுவில் போட்டார். நான் நன்றாக ஓடுவேன். "இது என்ர அக்காட கால், அதுதான் ஓடுது" என்று மற்றவர்களிடம் சொல்வார். கையை வெட்டித் தா என்று அவர் கேட்டிருந்தால் எந்தக் கை என்று மட்டும்தான் கேட்டிருப்பேன்.

அந்த வருடம் நாங்கள் கோட்டத்தில் வென்றோம். வலய மட்டத்தில் அரையிறுதி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. நான் இரண்டு கோல் அடித்தேன். கடைசி நேரத்தில் மற்றப் பக்கத்துப் பொடியன் ஒருவன் பந்தை விட்டு என் காலை அடித்தான். வலது கணுக்காலுக்குள் காய்ந்த கொள்ளிக்கட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன். வென்றுவிட்டோம். என்னைச் சைக்கிளில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அன்று பொழுதுபட முன்னமே கால் வீங்கி நீலம் பாய்ந்துவிட்டது. அம்மா நோவெண்ணெய் சூடாக்கித் தடவினா. கை பட்டதும் நான் கத்திய கத்தலில் அடுத்த வளவிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கத்தாத மருமகன், சுளுக்குத்தான்" என்றார் மாமா கதிரையிலிருந்து.

இறுதிப் போட்டி ஒரு நாள் விட்டு மறுநாள், அக்கரையில். அப்பா வயலிலிருந்து வந்து கை கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் குந்தியிருந்து காலைப் பார்த்தார். தொடவில்லை. பார்த்துவிட்டு, "விடிய பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய் ஒரு படம் எடுப்பம்" என்றார்.

"படம் எடுத்தா அத்தான், அவங்க சும்மா அனுப்ப மாட்டாங்க" என்றார் மாமா. "கட்டுப் போட்டு வீட்ட படுக்கச் சொல்லுவாங்க. அது அவங்கட வேலை. இத்தின வருசம் நான் காலை வச்சுத்தான் சோறு திண்டனான். எனக்குத் தெரியாத காலா இது?"

"பிள்ளைக்கு நோகுது தம்பி."

"நோகாம யாரு அத்தான் விளையாடுறது?"

அம்மா எண்ணெய்ச் சட்டியை எடுத்துக்கொண்டு எழும்பினா. "தம்பி சொன்னாச் சரியாத்தான் இருக்கும். இது உங்கட வயல் வேலையா? நீங்க சும்மா இருங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னா. அம்மாவுக்கு அந்த வெற்றிக் கிண்ணம் வேண்டும். தம்பி தோற்றுப்போய் ஊருக்கு வந்தவன் இல்லை என்று ஊருக்குக் காட்ட வேண்டும். அதை இப்போது என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. விளங்கிக்கொள்வதால் கோபம் குறைகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்பா எழும்பி, மாட்டுப்பட்டி அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எனக்கு அப்பா மேல்தான் ஆத்திரம் வந்தது. இறுதிப் போட்டியில் நான் விளையாடாமல் தடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். கதிரை போன பொறாமை என்றுகூட நினைத்தேன். பதினான்கு வயதில் அப்படியெல்லாம் நினைக்க முடிகிறது.

மறுநாள் முழுக்கக் காலை நிலத்தில் வைக்க முடியவில்லை. மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய சைக்கிள் டியூப் ஒன்றை நீளமாக வெட்டி, துடைத்து, பந்தாகச் சுற்றி வைத்துக்கொண்டார்.

போட்டியன்று விடியற்காலை நாங்கள் துறைக்குப் போனோம். வாவியைக் கடக்க எங்களுக்குப் 'பாதை' இருந்தது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற பெரிய மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். துறையடியில் மீன் நிறுக்கிற வாடிக் கொட்டில். வாவி மீனும் இறாலும் எடுக்க அக்கரை வியாபாரிகள் ஐஸ் நிரப்பிய வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டிகளோடு முதல் பாதையில் வந்து நிற்பார்கள். மாமா அவர்களில் ஒருவரிடம் போய் ஏதோ பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் மரக்குற்றியில் இருத்தி, வீங்கிய காலைத் தூக்கி ஐஸுக்குள் வைத்தார்.

"என்ன மாஸ்டர், இது எந்த ஆத்து மீன்?" என்று கேட்டார் வியாபாரி.

"இது கோல் அடிக்கிற மீன் முதலாளி. பழுதாப் போகாம அக்கரைக்குக் கொண்டு போகணும்."

"அப்ப கிலோ என்ன விலைக்குக் குடுக்கிறீங்க?"

"இண்டைக்குக் குடுக்க மாட்டன். மாகாண மெச் முடியட்டும், பாப்பம்."

துறையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முதலில் கால் எரிந்தது, பிறகு குத்தியது, பிறகு ஒன்றுமே இல்லை. இரண்டு நாளில் முதல் தடவையாக வலி இல்லை. எனக்கு அது ஒரு அற்புதமாக இருந்தது. மாமாவின் ஊசி இதுதான் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். வியாபாரி பெட்டியையே இரவல் கொடுத்தார். பாதை வாவியைக் கடக்கும் வரைக்கும் நான் மீன் நாற்றம் அடிக்கிற ஐஸுக்குள் காலை வைத்துக்கொண்டு, ராசா மாதிரி நடுவில் இருந்து போனேன். கூட்டாளிமார் சுற்றி நின்று பாட்டுப் பாடினார்கள். அப்பா வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

மைதானத்தில் எங்கள் பாடசாலை அதிபர் நின்றார். நல்ல மனிதர், கொஞ்சம் பயந்தவர். நான் இரண்டு பொடியன்மாரின் தோளில் தொங்கிக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு மாமாவிடம் வந்தார்.

"இந்தப் பிள்ளைக்கு ஏதும் முறிவு கிறிவு இருக்குமோ?"

"ஒரு நிமிசம் சேர்" என்றார் மாமா.

என்னை மரத்தடிக்குக் கொண்டு போய் அங்கே கிடந்த வாங்குப் பலகையில் இருத்தினார். பெட்டியைத் திறந்து காலை மறுபடி ஐஸுக்குள் வைத்தார். வெளியே எடுக்கும்போது அது என் கால் இல்லை. வாங்கில் கிடக்கும் வேறு யாருடையதோ கால். டியூபால் கணுக்காலை இறுக்கிச் சுற்றினார். காலுறையை இழுத்துவிட்டார். பூட்ஸை மாட்டினார். பிறகு அதிபரைக் கூப்பிட்டு, அவருக்கு முன்னால் என்னை எழுப்பி நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார்.

"நிக்கிறான் பாருங்க சேர். முறிஞ்ச காலெண்டா நிக்க ஏலுமா?"

அதிபர் என்னைப் பார்த்தார். மாமாவும் பார்த்தார். "ஏலும்தானே மருமகன்?"

"ஏலும் மாமா."

அதிபர் தலையாட்டிவிட்டுப் போனார். முதலில் காலை மரத்துப்போக வைத்துவிட்டு, பிறகு அந்தக் காலையே சாட்சிக்கு நிறுத்தினார் மாமா. கொழும்பில் டொக்டர்களிடமும் முகாமையாளர்களிடமும் அவர் கற்றுக்கொண்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும். சாகும் வரைக்கும் இந்தக் கதை வந்தபோதெல்லாம் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: நான் கேட்டனான், அவன்தானே ஏலும் எண்டவன். அவனைக் கேட்டுத்தான் விட்டனான். அந்தப் பதிலை அம்மாவும் சொன்னா, அதிபரும் சொன்னார், கொஞ்சக் காலம் நானும் சொன்னேன். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்பதற்குப் பெயர் கேட்பது இல்லை. அதற்கு வேறு விடை சொல்ல இடமே வைக்காமல்தான் கேட்கிறார்கள். இது எனக்கு முப்பது வயதில்தான் விளங்கியது. பதினாறு வருடம் என் காலை நானேதான் முறித்துக்கொண்டேன் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன்.

விளையாட்டுத் தொடங்க முன்னம் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதுக்குள் திட்டத்தைச் சொன்னார்.

"நீ ஓடத் தேவையில்ல. நடுவில போய் நில்லு. அரையிறுதியில நீ அடிச்ச கோல் அவங்களுக்குத் தெரியும். ரெண்டு பேர் உன்னைப் பிடிச்சுக்கொண்டுதான் நிப்பாங்க. மற்றப் பொடியன்மார் பாத்துக்கொள்ளுவாங்க. நீ நிண்டாப் போதும்."

அவர் சொன்ன மாதிரியே நடந்தது. திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. நான் நடுவில் நின்றேன். மற்றப் பாடசாலையின் உயரமான இரண்டு பொடியன்மார் என்னை விட்டு அசையவில்லை. ஒருவன் என் ஜேர்சியைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் பந்தைக் கேட்கிற மாதிரி கையைத் தூக்குவேன். அவர்கள் இரண்டு பேரும் பதறி என்னோடு ஒட்டுவார்கள். இந்தப் பக்கம் எங்கள் பொடியன் ஒருவன் தனியாகப் பந்தைக் கொண்டுபோவான். இடைவேளைக்கு முன்னமே ஒரு கோல். இடைவேளையில் மறுபடி ஐஸ். பெட்டியில் பாதி தண்ணீராகியிருந்தது.

தூண்டிலில் புழுவைக் குத்துகிறவனுக்குப் புழு துடித்தால் போதும். எனக்கு அப்போது அப்படித் தோன்றவில்லை. மாமாவின் பெரிய தந்திரத்தில் நான்தான் நடு ஆள் என்று தோன்றியது.

இரண்டாம் பாதியில் வெயில் ஏறியது. காலுக்குள் ஏதோ விழிக்கத் தொடங்கியது. முதலில் ஊசி ஊசியாக, பிறகு ஒரு சுத்தியல். கோட்டுக்கு வெளியே நின்ற மாமாவைப் பார்த்தேன். உள்ளங்கையைக் கீழே காட்டி, நில், நில் என்று சைகை செய்தார். நின்றேன். நான் நின்ற இடத்தில் வியர்வையா கண்ணீரா என்று தெரியாமல் முகம் நனைந்துகொண்டிருந்தது. கடைசி நேரத்தில் யாரோ உயர அடித்த பந்து நேராக என்னிடம் வந்து விழுந்தது. நிற்கத்தான் சொன்னார். ஆனால் பந்து வந்தால் கால் தன்பாட்டில் போகும். அதையும் பழக்கியவர் அவர்தான். இடக்காலால் அடிக்க வலக்காலை ஊன்றினேன். பின்னாலிருந்து ஒருவன் வந்து மோதினான்.

இந்த முறை அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

நடுவர் விசில் ஊதினார். அது எனக்காக ஊதியது என்று நினைத்தேன். போட்டி முடிந்த விசில். எங்கள் பக்கத்து ஆட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடிவந்தார்கள். பொடியன்மார் மாமாவைத் தோளில் தூக்கினார்கள். மடங்காத ஒரு கால் நேராக முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அவர் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார். நான் புல்லில் கிடந்தேன். என் பாதம் இருக்க வேண்டிய பக்கம் இருக்கவில்லை.

அப்போதுதான் அப்பாவைக் கண்டேன். அடுத்த பாதையில் வாவியைக் கடந்து வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால், ஒருவர் கண்ணிலும் படாமல் நின்றிருக்கிறார். சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார். தலைத் துவாயை அவிழ்த்துக் காலைச் சுற்றிக் கட்டி, நெல்மூட்டை தூக்குகிற மாதிரி இல்லாமல், குழந்தையைத் தூக்குகிற மாதிரி என்னை அள்ளி எடுத்தார். வீதிக்கு நடந்தார். நான் அவருடைய நெஞ்சில் கையால் குத்தினேன்.

"விடுங்க அப்பா. இன்னும் கிண்ணம் குடுக்கல்ல. நானும் நிக்கணும்."

அவர் விடவில்லை. வழியில் வந்த ஆட்டோவை மறித்து என்னை மடியில் வைத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனார். வழி முழுக்க நான் அவரை ஏசிக்கொண்டே போனேன். ஆட்டோ குழியில் விழும்போதெல்லாம் அவர் என் காலை மட்டும் அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

வெட்டித் தகடு வைத்தார்கள். முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டு. முதல் இரண்டு இரவும் அப்பா கட்டிலுக்குக் கீழே பத்திரிகை விரித்துப் படுத்தார். மூன்றாம் நாள் மாமா வந்தார். ஒரு சொப்பிங் பையில் கிண்ணத்தைச் சுற்றிக் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார். வார்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமா என் தலையைத் தடவினார். எனக்கு உலகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அப்பா கட்டில் கால்மாட்டில் சுடுதண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் வந்தார். மாமா எழும்பி மரியாதையாக நின்று கேட்டார். "டொக்டர், அடுத்த மாதம் மாகாண மெச் இருக்கு. அதுக்கு முதல் இந்த மாவுக்கட்டை வெட்டலாமா? இவன் ஓடத் தேவையில்ல. சும்மா நிண்டாப் போதும்."

டொக்டர் என் மாவுக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் பிள்ளை இனி ஒழுங்கா நடந்தாலே பெரிய காரியம்" என்றார். "இது ஒரு நாளில நடந்த முறிவு இல்ல. முதலே முறிஞ்சிருந்திருக்கு. முறிஞ்ச காலோட இவனை விளையாட விட்டது யாரு?"

மாமா மெல்லக் கட்டிலுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தார். மடங்காத கால் முன்னால் நீண்டு கிடந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். ஒரு பெரிய மனிதர், கொழும்பில் சம்பளத்துக்கு விளையாடியவர், அத்தனை பேருக்கும் முன்னால் விம்மி விம்மி அழுதார். மாகாணப் போட்டி போயிற்று. அவர் அழுதது அதற்குத்தான் என்பது என்னைத் தவிர அந்த வார்டில் எல்லோருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

அப்பா மாமாவைப் பார்த்தார். டொக்டருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். என் வாழ்க்கையில் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை நான் கண்டதில்லை. மாமாவை இத்தனை பேருக்கு முன்னால் அவமானப்படுத்தப் போகிறார் என்று எனக்குப் பயம் வந்தது.

"அப்பா, நீங்க வெளிய போங்க" என்றேன்.

அப்பா வாயை மூடிக்கொண்டார். சுடுதண்ணீர்ப் போத்தலை என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். மூடி இறுக்கமா என்று ஒருதரம் திருகிப் பார்த்தார். பிறகு வெளியே போனார்.

நான் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, கையை நீட்டி, மாமாவின் முதுகைத் தடவினேன். அழாதீங்க மாமா, எனக்கு இப்ப நோகல்ல என்றேன். எனக்காக இப்படி அழ ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் அழுது முடியும் வரைக்கும் தடவிக்கொண்டே இருந்தேன்.